எலினாரின் பானெட் யாருக்குச் சொந்தம்?

2025 மே 27 அன்று அமெரிக்காவின் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. காரின் பெயர் எலினார். நான்கு படங்களில் வந்த ஃபோர்டு மஸ்டாங். கேள்வி இதுதான்: எலினார் ஒரு கதாபாத்திரமா, இல்லையா? கதாபாத்திரம் என்றால் பதிப்புரிமை உண்டு, அதே மாதிரி கார் கட்டி விற்கிறவர்கள் காசு கொடுக்க வேண்டும். இல்லை என்றால் எவரும் கட்டலாம். நீதிமன்றம் இல்லை என்றது. படப்பிடிப்பில் இருக்கும் மற்ற சாமான்களைப் போல அதுவும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

மசில் காரை வெட்டி ஒட்டி மாற்றினால் அது கலையா என்ற சண்டை பழையது. ஒரு பக்கம் "சக்கரத்தில் ஓடும் சிற்பம்" என்று உருகுவார்கள், இன்னொரு பக்கம் "டிங்கரிங் வேலையைப் போய் கலை என்கிறாயே" என்று சிரிப்பார்கள், இரண்டு பக்கமும் எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எலினார் இதற்குத் தோதானது, ஏனென்றால் இந்தக் காருக்காக இருபது வருடங்களுக்கு மேல் வக்கீல் வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை போடுகிறவர்கள் எதை விலைமதிப்புள்ளதாக நினைக்கிறார்கள் என்பது வழக்குக் காகிதத்தில் தெரிந்துவிடும்.

(மஸ்டாங் மசில் கார் இல்லை, போனி கார் (சின்ன உடம்பு ஸ்போர்ட்ஸ் கார்) என்று திருத்த வருகிறவர்களுக்கு: தெரியும். 1964-இல் போன்டியாக் ஜிடிஓ தொடங்கிவைத்த, நடுத்தர உடம்புக்குள் பெரிய வி8 இன்ஜினைத் திணிக்கும் பழக்கம்தான் கறாரான மசில் கார். ஆனால் ஏழு லிட்டர் இன்ஜின் போட்ட மஸ்டாங்கை வேறு என்னவென்று கூப்பிடுவது?)

முதலில் மஞ்சள் எலினார்

1974-இல் வந்த "கான் இன் 60 செகண்ட்ஸ்" படத்தை எடுத்தவர் எச். பி. ஹாலிக்கி. நியூயார்க் மாநிலத்தின் டன்கர்க் ஊரில் பிறந்து கலிஃபோர்னியாவுக்குப் போய், பழைய கார்களை வாங்கி உடைத்து விற்று முன்னுக்கு வந்தவர். நம் ஊர் பாஷையில் காயலாங்கடை முதலாளி. எழுதியது, இயக்கியது, தயாரித்தது, நடித்தது, ஸ்டண்ட் ஓட்டியது எல்லாம் அவரே. கதை பெரிதாக ஒன்றும் கிடையாது: 48 கார்களைத் திருடவேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயர் ரகசியக் குறியாக வைத்திருக்கிறார்கள், அதில் மஞ்சள் நிற மஸ்டாங்குக்கு வைத்த பெயர் எலினார். படத்தின் டைட்டிலில் எலினார்தான் நட்சத்திரம் என்று போட்டார் ஹாலிக்கி. ஒரு குறும்புதான். ஆனால் பின்னால் வந்த வக்கீல்களுக்கு அந்த ஒரு டைட்டில் அட்டை நல்ல தீனி.

அந்தக் காரில் என்ன மாற்றம் செய்திருந்தார்கள் என்று பார்த்தால் அழகுக்காக ஒன்றுமே இல்லை. 1971 மாடல் மஸ்டாங்கை 1973 மாடல் போல முகம் மாற்றினார்கள். மற்றதெல்லாம் உள்ளே: கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் இருக்க பற்றவைத்த இரும்புக் கூண்டு, கியர்பாக்ஸ் கழன்று போகாமல் சங்கிலி, இப்படி. படத்தின் கடைசி நாற்பது நிமிடம் முழுக்கத் துரத்தல். 93 கார்கள் நொறுங்கின என்பது கணக்கு. நடுவில் எலினார் நிஜமாகவே கட்டுப்பாடு இழந்து சாலையோர விளக்குக் கம்பத்தில் மோதியது, அது திட்டமிட்ட ஸ்டண்ட் கிடையாது, அதையும் படத்தில் வைத்துக்கொண்டார். முடிவில் வரும் தாவல் 128 அடி. ஹாலிக்கியின் முதுகெலும்பில் அடிபட்டது.

அப்புறம் கதையின் முடிவு. நசுங்கிப்போன எலினாரோடு நாயகன் ஒரு கார் கழுவுமிடத்துக்கு வருகிறான், அங்கே இன்னொரு மஞ்சள் மஸ்டாங் நிற்கிறது, நம்பர் பிளேட்டை மாற்றி அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் எலினார்

1989 ஆகஸ்டில் இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பில் ஹாலிக்கி இறந்தார். தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்றைச் சாய்க்கும் காட்சி. கேபிள் அறுந்து, அது வெட்டிய கம்பம் அவர்மேல் விழுந்தது. அவருக்கும் டெனிஸ் ஷகாரியனுக்கும் கல்யாணம் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உரிமைகள் டெனிஸ் கைக்கு வருவதற்குச் சில வருடங்கள் ஆயின, 1995-இல் மறுஆக்க உரிமையை டிஸ்னியின் நிறுவனத்துக்குக் கொடுத்தார், எலினார் பெயரில் பொருட்கள் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதாவது, அவர் அப்படித்தான் சொன்னார். அது உண்மையா என்பதற்கே தனியாக ஒரு வழக்கு நடந்தது.

2000-இல் நிக்கோலஸ் கேஜ் நடித்து மறுஆக்கம் வந்தபோது எலினார் வேறு காராகிவிட்டது. 1967 ஷெல்பி ஜிடி500 (மஸ்டாங்கை வைத்து கேரல் ஷெல்பி கட்டிய வேகக் கார்), மிளகுச் சாம்பல் நிறம், கறுப்புக் கோடுகள். எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் எலினார் இதுதான். ஸ்டீவ் ஸ்டான்ஃபோர்ட் வரைந்தார், சிப் ஃபூஸ் அதை உலோகத்துக்கும் ஃபைபர்கிளாஸுக்கும் ஏற்ற வடிவமாக மாற்றினார், சினிமா வெஹிக்கிள் சர்வீசஸ் என்ற பட்டறை ஏறக்குறைய ஒரு டஜன் கார்களைக் கட்டியது. அடியில் இருந்தவை நிஜ ஷெல்பிகள் இல்லை, சாதாரண மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்குகள் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் வகை). நிஜமான 1967 ஜிடி500 மொத்தம் 2,048தான் வந்தது, அதை உடைக்கக் கொடுக்க எவருக்கு மனம் வரும்?

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் வழக்கில் எவரும் பேசவில்லை. 1967 மஸ்டாங்கின் மூக்கு ஏற்கெனவே நீளம். ஃபூஸ் அதை இன்னும் முன்னால் இழுத்து, கிரில்லை உள்ளே தள்ளி, ஹெட்லைட்டுகளைக் குழிக்குள் இறக்கினார், அதனால் புருவம் சுருக்கிப் பார்ப்பது போல ஒரு முகம் வந்தது. பம்பர் இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே இரண்டு உருண்டை விளக்குகள். சக்கரத்துக்கு மேல் ஃபெண்டரைப் புடைக்கவைத்தார். கதவுக்குக் கீழே பக்கப் பாவாடை, சைலன்சர் குழாய் பின்னால் போகாமல் பக்கவாட்டில் வெளியே வருகிறது. பானெட்டின் நடுவில் ஒரு மேடு. இதில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அறுபதுகளின் ரேஸ் கார்களில் எங்கேயோ இருந்ததுதான். எல்லாம் சேர்ந்து ஒரே கோட்டில், மூக்கிலிருந்து வால்வரை தடங்கல் இல்லாமல் ஓடுகிறதே, அது இதற்கு முன்னால் எங்கேயும் இல்லை. 1967-இல் ஃபோர்டும் ஷெல்பியும் செய்ததைவிட இது நல்ல வடிவம் என்பது என் அபிப்பிராயம். தூய்மைவாதிகள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

படத்தில் ஓடிய கார்களில் ஒன்று 2013-இல் மீகம் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்குப் போனது.

வழக்கு, சுருக்கமாக

படம் வந்ததும் எல்லோருக்கும் அந்தக் கார் வேண்டும். கோப்ரா, ஜிடி350 என்ற வேகக் கார்களைக் கொடுத்த அதே கேரல் ஷெல்பி, டெக்சாஸில் இருந்த யூனிக் பெர்ஃபார்மன்ஸ் என்ற நிறுவனத்துக்கு "ஜிடி500இ" என்ற பெயரில் கட்ட அனுமதி கொடுத்தார். அந்த "இ" எதற்கு என்று சொல்லவேண்டியதில்லை. டெனிஸ் வழக்குப் போட்டார். இதற்கிடையில் 2007-இல் சேசிஸ் எண் குளறுபடி பற்றிய விசாரணையில் போலீஸ் அந்த நிறுவனத்தைச் சோதனை போட்டது, பிறகு அது திவாலானது. 2008-இல் இதே ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம், எலினார் ஒரு காமிக் புத்தகக் கதாபாத்திரம் போலத் தெரிகிறது, கீழ் நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யட்டும் என்று திருப்பி அனுப்பியது. விசாரிப்பதற்குள் 2009-இல் ஷெல்பியும் டெனிஸும் சமரசம் ஆனார்கள். சமரசத்தின் சாரம்: எலினாரின் தனித்துவமான பானெட்டையும் ஹெட்லைட் அமைப்பையும் வைத்து ஷெல்பி ஜிடி500இ கட்டக்கூடாது.

பானெட்டும் ஹெட்லைட்டும். பெயர், புகழ், நான்கு படம், ஒரு மனிதனின் முதுகெலும்பு, எல்லாம் போய்க் கடைசியில் காகிதத்தில் நின்றது ஒரு ஃபைபர்கிளாஸ் மூடியும் இரண்டு விளக்குக் குழியும்.

2012-இல் ஷெல்பி இறந்தார். ஷெல்பி தரப்பு கிளாசிக் ரிக்ரியேஷன்ஸ் என்ற நிறுவனத்துக்கு ஜிடி500சிஆர் கட்ட அனுமதி கொடுத்தது, மறுபடியும் டெனிஸ் தரப்பு இதுவும் எலினார்தான் என்றது, 2020-இல் இந்தத் தடவை ஷெல்பியின் அறக்கட்டளையே முந்திக்கொண்டு வழக்குப் போட்டது. 2022-இல் கீழ் நீதிமன்றம் ஷெல்பி பக்கம். 2025-இல் மேல்முறையீடும் அப்படியே. சமரச ஒப்பந்தமும் சிஆர் காரைத் தடுக்காது, அந்தக் கார் உரிமை மீறல் இல்லை என்று அறிவிக்கும்படி கேட்க ஷெல்பி தரப்புக்கு உரிமை உண்டு என்றும் சேர்த்துச் சொன்னது.

எந்த அளவுகோலை வைத்து? பத்து வருடம் முன்பு, 2015-இல், பேட்மேனின் காரான பேட்மொபைலின் நகல்களைக் கட்டி விற்ற ஒருவர்மேல் டிசி காமிக்ஸ் போட்ட வழக்கில் இதே நீதிமன்றம் மூன்று சோதனை வைத்திருந்தது. உடலும் வேண்டும், உள்ளமும் வேண்டும். எங்கே வந்தாலும் இது அதுதான் என்று அடையாளம் தெரியவேண்டும். தனித்துவம் வேண்டும். பேட்மொபைல் மூன்றிலும் தேறியது. எலினார் மூன்றிலும் தோற்றது. தானாக எதையும் செய்யாது, யாரோ ஓட்டினால்தான் ஓடும், பேசாது, யோசிக்காது. அடையாளமா? ஒரு படத்தில் மஞ்சள், இன்னொன்றில் சாம்பல், ஓர் இடத்தில் பெயிண்டே இல்லாத துருப்பிடித்த ஓடு. தனித்துவமா? கார் துரத்தல் படங்களில் வரும் வேகக் கார் எதிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

முதல் இரண்டும் எனக்குச் சரியாகவே படுகிறது. கார் கழுவுமிடக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? எலினார் என்பது திருட்டுப் பட்டியலில் ஒரு குறிப்பெயர், இன்னொன்று கிடைத்தால் அதுவும் எலினார்தான், இதைச் சொன்னது எந்த நீதிபதியும் இல்லை, ஹாலிக்கியே தன் படத்தின் முடிவாக வைத்தது. மூன்றாவதுதான் உறுத்துகிறது. சாம்பல் எலினாரின் முகத்தைப் பார்த்துவிட்டு இதில் தனியாக ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? ஆனால் அவர்கள் பார்த்தது முகத்தை இல்லை. நான்கு படங்களிலும் உள்ள எலினார்களை மொத்தமாக ஒரு ஆளாக வைத்துப் பார்த்தார்கள், அப்படி வைக்கச் சொன்னதே டெனிஸ் தரப்புதான். மஞ்சளையும் சாம்பலையும் ஒரே உயிர் என்று வாதாடியதில் சாம்பலின் அழகு கணக்கிலேயே வரவில்லை.

கழற்றினால் கலை

சரி, கதாபாத்திரம் என்று போகாமல் நேராக "இது சிற்பம்" என்று போயிருக்கலாமே? முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் கார் என்பது "பயன்பாட்டுப் பொருள்". பயன்பாட்டுப் பொருளின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அதிலிருந்து மனதளவில் பிரித்தெடுத்துத் தனியாக ஓவியமாகவோ சிற்பமாகவோ நிறுத்தக்கூடிய அம்சத்துக்கு மட்டும்தான் உண்டு. 2017-இல் சியர்லீடர் உடைகளைப் பற்றிய ஸ்டார் அத்லெட்டிகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இந்த அளவுகோலைக் கஸ்டம் கார்மேல் வைத்தால் வேடிக்கையான ஒன்று நடக்கிறது. பானெட்டில் ஒரு தீப்பிழம்பையோ ரோஜாவையோ வரைந்தால் அதைப் பிரித்தெடுக்கலாம், அது ஓவியம், பாதுகாப்பு உண்டு. பானெட்டையே வளைத்து அழகாக்கினால் அது பானெட். பெயிண்டருக்கு உரிமை, டிங்கருக்கு இல்லை.

கலை உலகமும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அறுபதுகளில் ஜூடி சிகாகோ என்ற ஓவியர் லாஸ் ஏஞ்சலஸில் கார் பாடி வேலை கற்றுத்தரும் பள்ளியில் சேர்ந்து ஸ்பிரே பெயிண்ட் பழகினார், வகுப்பு முழுக்க ஆண்கள், இவர் ஒருவர்தான் பெண். ஷெவர்லே கோர்வேர் பானெட்டுகளில் கார் பெயிண்டாலேயே வரைந்தார். அவை இன்று கலைவரலாற்றில் இருக்கின்றன. எண்பதுகளின் கடைசியில் ரிச்சர்ட் பிரின்ஸ் இன்னும் நேராக வந்தார்: கார்ப் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து மசில் கார் பானெட்டுகளைத் தபாலில் வரவழைத்து, பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்துச் சுவரில் மாட்டினார். ஒரு பட்டறைப் பையன் தினமும் செய்வதும் அதேதான், பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது. வித்தியாசம் ஆணி அடித்த சுவர்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-லேயே எட்டுக் கார்களை நிறுத்திக் கண்காட்சி வைத்தது. இத்தாலிய சிசிடாலியா ஒன்று இருந்தது, பின்னால் அந்த மாடல் நிரந்தரச் சேகரிப்புக்கும் வந்தது. ஆனால் அந்த எட்டும் தொழிற்சாலையிலும் பெயர்பெற்ற பாடி கட்டும் கூடங்களிலும் பிறந்தவை. ஒருவர் வாங்கிப் பிறகு வெட்டியது ஒன்றும் இல்லை.

அதற்காகக் கஸ்டம் உலகத்துக்கு நடுவர்களே இல்லை என்று நினைக்கவேண்டாம். டெட்ராய்ட் ஆட்டோராமா என்ற கார்க் கண்காட்சியில் 1964 முதல் ரிட்லர் விருது கொடுக்கிறார்கள், அதற்கு முன் வேறெங்கும் காட்டாத காராக இருக்கவேண்டும் என்பது விதி. அடியில் படுத்துப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் அங்கே உண்டு. அந்தக் கார்களில் பலவற்றைப் பார்த்தால் எனக்குச் சலிப்புத்தான் வருகிறது, ஒவ்வொரு திருகாணியும் பளபளக்கிறது, ஓட்டுவதற்குத்தான் மனம் வராது. ஆனால் கலையா என்று கேட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த எதைவிடவும் குறைந்ததில்லை.

எதிர்முனையில் டெக்சாஸின் சான் மார்கோஸ் நகரம். ஒரு கடை திறப்பு விழாவில் பழைய ஓல்ட்ஸ்மொபைல் 88 காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கவிட்டு, மண் நிரப்பிக் கள்ளிச்செடி நட்டு, உள்ளூர் ஓவியர்களை வைத்து வரைந்து கடைவாசலில் நிறுத்தினார்கள். நகராட்சி அதைக் கைவிடப்பட்ட குப்பை வண்டி என்றது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகராட்சி பக்கமே நின்றது: கடைக்கு விளம்பரமாக வைத்ததற்கு ஓவியருக்கான சட்டப் பாதுகாப்பு கிடையாது. நீதிபதிகள் கலை எது என்று சொல்லப் பயப்படுகிறார்கள், அது நியாயம்தான், அதனால் பக்கத்தில் இருக்கும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எலினார் வழக்கிலும் அதுதான் நடந்தது. "கலை இல்லை" என்று அந்தத் தீர்ப்பில் எங்கேயும் இல்லை.

அப்போ என் பதில்

மஞ்சள் எலினார் கலைப்பொருள் இல்லை. அது சாட்சி. ஒரு மனிதன் என்னவெல்லாம் செய்தான் என்பதற்கு அந்த நசுங்கிய தகரம் சாட்சி, கலை என்று ஏதாவது இருந்தால் அது படத்தில் இருக்கிறது. சாம்பல் எலினார் கலை, தயக்கமே இல்லை, அது ஸ்டான்ஃபோர்டும் ஃபூஸும் பட்டறை ஆட்களும் எடுத்த முடிவுகளில் இருக்கிறது: இந்த விளிம்பை இவ்வளவு இழு, இந்த விளக்கை இவ்வளவு இறக்கு. இரண்டு பெரிய பெயர்கள் இருபது வருடம் மல்லுக்கட்டிய வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இந்த முடிவுகளை எடுத்த கைகள் நிற்கவில்லை. ஒரு தரப்பு பெயருக்குச் சொந்தக்காரர், இன்னொரு தரப்பு ஜிடி500 என்ற முத்திரைக்குச் சொந்தக்காரர். வடிவத்துக்குச் சொந்தம் கொண்டாட சட்டத்தில் இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே டிசைன் பேட்டன்ட் (வடிவத்துக்கான காப்புரிமை) எடுத்திருக்கவேண்டும், அதுவும் பதினைந்து வருடத்துக்குள் காலாவதி. படத்துக்காகக் கட்டும் காருக்கு எவர் அதையெல்லாம் செய்கிறார்?

இப்போது எலினார் மூக்கு, பானெட், பாவாடை, ஃபெண்டர் புடைப்பு எல்லாம் பெட்டியில் கிட்டாக வருகிறது. நல்ல நிலையில் இருக்கும் 67, 68 ஃபாஸ்ட்பேக்குகளை அதற்காக அறுக்கிறார்கள், தீர்ப்புக்குப் பிறகு இன்னும் அறுப்பார்கள். அவை எல்லாம் கலையா என்று கேட்டால், கிட்டைத் திருகி மாட்டி மிளகுச் சாம்பல் அடித்தது கலை இல்லை, நல்ல பொருத்தல் வேலை. ஆனால் ஃபைபர்கிளாஸ் பேனல் எப்போதும் பெட்டியிலிருந்து நேராகப் பொருந்தாது. எங்கேயோ தூக்கும், எங்கேயோ இடிக்கும், அங்கே ஒருவர் உட்கார்ந்து தேய்த்து, பட்டி போட்டு, மறுபடி தேய்த்து, அரை மில்லிமீட்டருக்காக ஒரு நாளைத் தொலைத்திருப்பார், இல்லையென்றால் "போதும்பா" என்று விட்டிருப்பார். எலினார் நகல் ஒன்றைப் பார்த்தால் நான் முதலில் போய்ப் பார்ப்பது பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. மூக்கிலிருந்து கண்ணாடிவரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா?

மஞ்சள் எலினாரில் அது எங்கேயும் நேராக இல்லை. விளக்குக் கம்பத்தில் மோதிய வண்டி, வேறு எப்படி இருக்கும்.